அரங்கில் முப்பத்தேழு பேர்

குவோப்பியோ நீச்சல் மன்றத்தில்
நானூறு இருக்கைகள்.
ஒலிவாங்கி என் கையில் இருப்பதால்
தலை எண்ணுவதும் என் வேலையாயிற்று.
முப்பத்தேழு.
போன மாதமும் அதே முப்பத்தேழு.

எல்லோரும் பெற்றவர்கள்.
தன் பிள்ளை நீந்தும் தடத்தை மட்டும் பார்ப்பார்கள்,
ஒரு நிமிடம் நாலு வினாடி.
பிறகு கைப்பேசி, அல்லது பாதியில் விட்ட பின்னல்.
எட்டுத் தடங்களிலும் நடந்த போட்டியை
ஒருவர்கூட முழுதாய்க் கண்டதில்லை.
(நானும்தான். என் கண் பெயர்ப்பட்டியலில் இருக்கும்.)

கூட்டம் சேர்க்கச் செயற்குழு கூடியது.
தூய்ரே சொன்னாள்: குலுக்கல்,
பரிசு ஒரு முழு சால்மன்.
ஆர்வோ சொன்னார்: புகை.
குத்துச்சண்டைக்காரர்கள் வருவதுபோல்
புகைக்குள்ளிருந்து வர வேண்டும் பிள்ளைகள்.

பிப்ரவரி, சனிக்கிழமை, வெளியே மைனஸ் பதினான்கு.
ஆர்வோ இயந்திரத்தைத் திருகினார்.
புகை வந்தது.
அதன் பின்னாலேயே
தீ அபாய மணியும் வந்தது.

நனைந்த அறுபது பிள்ளைகள்
வாகன நிறுத்தத்தில்
வெள்ளித்தாள் போர்வை சுற்றி,
பனிமேல் கால் மாற்றிக் கால் மாற்றி.
முடி உறைந்து குச்சி குச்சியாய்.
நீச்சல் கண்ணாடியை ஏனோ யாரும் கழற்றவில்லை.

அன்றுதான் எங்களுக்குக் கூட்டம் வந்தது.
பேருந்துக்கு நின்றவர்கள் வந்தார்கள்.
நாயோடு போனவர் நின்றார், நாயும் நின்றது.
மளிகைப் பையோடு ஒருத்தி,
"உங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று?" என்றாள்.
எதிர் மாடிகளில் திரைச்சீலைகள் விலகின.
பழக்கதோஷம், எண்ணினேன்:
நூற்றுப் பன்னிரண்டு.

நான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர் தாவெட்டி
கதவைத் திறந்துவிட்டார்.
"ஏறுங்கள், சீட்டு வேண்டாம்."
குளோரின் மணக்கும் வண்டிக்குள்
கைஸ்லாவைக் கேட்டாராம்,
நீ எதில் நீந்துகிறாய்?
ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.
அது எவ்வளவு தூரம்?
உங்கள் வழியில் நாலு நிறுத்தம்.

மார்ச்சில் வந்தார், சீருடையோடு.
இருபத்திரண்டு நிமிடம்தான் இடைவேளை என்றார்.
ஆயிரத்து ஐந்நூறு தொடங்கியதும்
வழக்கம்போல் காப்பிக்கு எழுந்தார்கள் பெற்றவர்கள்.
அவர் எழவில்லை.
எட்டாம் தடம், எல்லோருக்கும் கடைசியில் கைஸ்லா.
என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்:
"ஏன் இடப்பக்கமே மூச்செடுக்கிறாள்?"

இருபது வருடமாய் இந்த ஒலிவாங்கியில்
பெயர், மன்றம், நேரம்,
வேறெதுவும் நான் பேசியதில்லை.
அன்று பேசினேன்.
வலத்தோள் போன வருடம் நொந்துபோனது என்றேன்.
(பிறகு அவள் அம்மா என்னைத் திட்டினாள்.)
மூன்றாம் தடத்தில் போகிறவள் முந்துகிறாள், ஆனால்
ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரிடம் தோற்கிறாள்,
இதோ வருகிறது சுவர், பாருங்கள், என்றேன்.
கோப்பையோடு வாசல்வரை போனவர்கள்
அங்கேயே திரும்பி நின்றார்கள்.
காப்பி ஆறியது.

ஏழு பேர் தொட்டு முடித்தபின்
கைஸ்லாவுக்குக் கடைசி நூறு மீட்டரின் மணி அடித்தது.
வண்டியை நிறுத்தச் சொல்லும் மணிதான்
தாவெட்டிக்குத் தெரியும்.
நிறுத்தாதே என்னும் மணியை
இப்போதுதான் கேட்கிறார்.
எழுந்து நின்றார், ஏன் என்று தெரியாமல்.
பின்வரிசையும் நின்றது.

அன்று நான்காம் எண் மூன்று நிமிடம் தாமதம்.
ஏட்டில் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

ஏப்ரலில் நாற்பத்தொன்று.
புதிதாய் இரண்டு ஓட்டுநர்கள், அந்த நாய்க்காரர்.
நாய்க்கு அனுமதியில்லை.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து
எட்டுத் தடத்தையும் பார்த்தது.
அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று
செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை.