மழை எழுதாத நாள்

ஹப்புத்தளைக்கு மேலே, தோட்டத்து ஆபிசில்
எல்லைப் படம் தேடி வந்திருந்தேன்.
ஏழு பேர்ச் வீதம் பிரிக்க வேண்டும்,
பழைய படமொன்று இல்லாமல் முடியாது.
கிளாக்கர் ஜெபரட்ணம் அலுமாரியைத் திறந்துவிட்டு
"கரப்பான் முட்டை இருக்கும், பார்த்து" என்றார்.

படம் இல்லை.
மழைக் கணக்குப் புத்தகங்கள் இருந்தன,
நாளுக்கொரு வரி, அங்குலத்தில்.
ஏதோ ஒரு ஜூன், பதினான்காம் திகதி,
அளவு எழுதும் கட்டம் வெறுமை.
எதிர்ப் பக்கத்தில்
ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

தொட்டெழுதும் பேனை. மை பழுத்துப்
பிளேன்டீ நிறத்துக்கு வந்திருக்கிறது.
சாக்கைக் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு
வளைவில் இறங்குகிறான், பின்னால் ஒரு நாய்.

குதிகாலில் அழுந்தி முனை இரண்டாய்ப் பிளக்கிறது,
கெண்டைக்காலில் மெலிந்து
முழங்காலுக்கு வருமுன் நின்றே போகிறது.
முழங்கால் இல்லை.
தாளின் வெள்ளைதான் அங்கே மடங்குகிறது.
அப்புறம் தொடையில் வேறொரு கோடு
முன்னதை அறிந்ததுபோல் தொடங்குகிறது.

முதுகு மட்டும் ஒரே இழுப்பு.
பேனை எங்கே மூச்சுவிட்டது என்று
பிடரியிலிருந்து இடுப்புவரை
விரலை மேலே வைத்து, தொடாமல், போய்ப் பார்த்தேன்.
விடவில்லை.

ஜெபரட்ணம் எட்டிப் பார்த்து
"நாய்க்கு ஆறு கால்" என்றார்.
எண்ணினேன். ஆறுதான்.
வைத்த காலையும் வைக்கப்போகும் காலையும்
அழிக்காமல் விட்டிருக்கிறது அந்தக் கை.
கணக்கப்பிள்ளையோ, சின்னத்துரையோ, யாரோ.
கையொப்பம் இல்லை.

நான் நாள் முழுக்கக் கோடு போடுகிறவள்.
என் கோடு கணினியில் கால் மில்லிமீட்டர்,
தொடக்கத்திலும் கால், முடிவிலும் கால்.
அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.
அது எங்கேயும் போகாது.
போனால் வழக்கு.

மெல்லிய தாளைப் போட்டுப் பிரதியெடுத்தேன்.
ஒரு மயிரிழை விலகவில்லை.
தூக்கிப் பார்த்தால்
அவன் நிற்கிறான்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி.
நாய்க்கு இப்போது நிஜமாகவே ஆறு கால்.
நான் மெதுவாகப் போயிருக்கிறேன்.
அந்தக் கை இரண்டு மூச்சில் முடித்திருக்கும்.

பிறகுதான் பட்டது,
படத்தில் மழையே இல்லை.
ஒரு சாய்கோடு, ஒரு துளி, எதுவும் கிடையாது.
குனிந்த பிடரி, இறுகிய தோள்,
வயிற்றோடு ஒட்டிய நாயின் வால்,
இவ்வளவுதான்.
ஆனாலும் கொட்டுகிறது.
கட்டத்தை வெறுமையாய் விட்டவர்
அளந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.
எத்தனை அங்குலம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெளியே மங்களேஸ்வரி நின்றாள்,
கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள்,
கூடை இன்னும் முதுகில்.
"மிஸ், எங்க லயம்
கோட்டுக்கு எந்தப் பக்கம் வருது?"

லயம்.
நேராய் அடித்த பத்து அறைக்கும்
அந்தக் காலின் ஓட்டத்துக்கும்
ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

"படம் கிடைக்கல்ல" என்றேன்.
"நாளைக்கும் வந்து தேடணும்."

பொய்யில்லை.
புத்தகத்தை அடியில் செருகாமல்
மேலாகவே வைத்துவிட்டு வந்தேன்.
வளைவு தாண்டி அவன் எங்கே போகிறான் தெரியாது,
பாதை திரும்புகிற இடத்தில்
தாள் முடிந்துவிடுகிறது.