மகஜர்

அஞ்செட்டி ஸ்டேஷன் ரைட்டர் நான்.
அளப்பதும் எழுதுவதும் என் வேலை.

பசப்பா வீட்டுப் பரணில்
கேழ்வரகு மூட்டைக்குள் இருந்தது.
அவன் அப்பன் பேரில் லைசென்ஸ்,
இரட்டைக் குழல்,
கட்டையில் பித்தளைப் பூண்.
குழலை மட்டும்
கரும்பு மாதிரி நறுக்கியிருந்தது.

"பன்றிக்குத்தான் சார்.
புதரில் நீளம் மாட்டுது."
எழுதிக்கொண்டேன்.
பன்றிக்கு எதற்கடா
போர்வைக்குள் அடங்குகிற துப்பாக்கி
என்று கேட்கவில்லை.
கிணற்றுப் பங்குக்குத் தம்பி போட்ட வழக்கு
தேன்கனிக்கோட்டையில், வருகிற திங்கட்கிழமை.

கேட்டது ஒன்றுதான்:
வெட்டின துண்டு எங்கே?

அவன் வாய் திறக்கவில்லை.
உள்ளே அடுப்பு புகைந்தது.
கெம்பம்மா குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்
இரண்டு ஓட்டை ஊதாங்குழலில்.
ஒன்றில் உதடு.
இன்னொன்று
அவள் கன்னத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

"கொடும்மா" என்றேன்.
"களி இறங்கட்டும்" என்றாள், திரும்பாமல்.

நின்றோம்,
மூன்று போலீசும் ஒரு விலங்கும்.

களி இறங்கியது.
முந்தானையில் துடைத்துத் தந்தாள், சுடச்சுட.
அளந்தேன்.
ஒரு முழத்துக்கு நாலு விரல் கம்மி.
உதடு பட்ட முனையில் குறி பார்க்கும் மணி,
தீப்பட்ட முனையில் ரம்பத்தின் பல்.
கரி என் விரலில் ஒட்டி
மகஜரிலும் ஏறியது.

ஜீப் கிளம்பும்போது ஓடிவந்தாள்.
"எப்ப சார் திருப்பித் தருவீங்க?"

ஜாமீன், வக்கீல் என்று
நான் சொல்லத் தொடங்கினேன்.
பசப்பாவும் கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது
என் மடியிலிருந்த துண்டை.