வடக்குச் சுவர்

நவம்பர் பதினாறு, பகல் பதினொன்றரைக்கு
வடக்குச் சுவரில், ஜன்னலுக்கு எதிரே,
ஐவிந்த் இரண்டு சதுரம் பூசினான்.
இடப்பக்கம் 'ஓட்ஸ் கஞ்சி'.
வலப்பக்கம் 'துவைத்த லினன்'.
டப்பா எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.

காயட்டும், நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றேன்.
ட்ரோம்ஸோவில் குடியிருந்துகொண்டு
சொல்கிற பேச்சா அது.
ஐந்தே நாளில் சூரியன்
மலைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.
இனி ஜனவரிதான்.

பல்பு வெளிச்சத்தில் இரண்டுமே மோர்.
பல்பை மாற்றினோம்.
இரண்டுமே பல்.
கஞ்சியில் ஒரு சொட்டு மஞ்சள் கூட என்றான்.
லினனில் ஒரு சொட்டுக் கறுப்பு என்றேன்.
அவன் கஞ்சிக் கட்சி, நான் லினன்.
டிசம்பர் நடுவில் ஒருநாள்
கட்சி மாறிப் பார்த்தோம்.
சண்டை மட்டும் மாறவில்லை.

வந்தவர்களையெல்லாம் சுவர் முன் நிறுத்தினோம்.
என் தங்கை ஓடில் "எங்கே, ஒன்றுதானே இருக்கு" என்றாள்.
மேல்வீட்டு யோருன்
நிதானமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு
இரண்டுக்கும் நடுவே விட்டிருந்த
பழைய சுவரைத் தொட்டாள்:
"இது அழகாயிருக்கே, பேர் என்ன?"

ரேடியேட்டர் ஒழுகி, ஆர்ன்ஃபின் வந்தான்.
வெல்டிங் பொறி தெறித்து
வலக்கண்ணில் புது லென்ஸ் வைத்தவன்.
கேட்டதும் ஒரு கண்ணை மூடினான். பிறகு மற்றதை.
"பழைய கண்ணுக்கு ரெண்டும் வெண்ணெய்.
புதுக் கண்ணுக்கு ரெண்டும் அலுமினியம்."
ரெண்டு கண்ணையும் திறந்தால்?
"பைப் ஒழுகறது தெரியும்"
என்று குனிந்துவிட்டான்.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
இருட்டில் சுவர் முன்னால்
உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தியபடி
ஐவிந்த் நின்றிருந்தான்.
பார்க்காததுபோல் வந்து படுத்தேன்.

ஜனவரி இருபத்தொன்று.
ஊரே ஜாம் வைத்த பன்னும் கையுமாய்த் தெற்கே பார்த்து நிற்க,
நாங்கள் மட்டும் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றோம்.
வந்தது.
மொத்தம் நாலு நிமிஷம்.
சுவர் முழுக்க சால்மன் நிறம்.
எங்கள் தலை இரண்டின் நிழலும்
சொல்லிவைத்தாற்போல்
அந்த இரண்டு சதுரத்தின் மேல்.

"நகரு" என்றான்.
"நீ நகரு" என்றேன்.
அவன் வலப்பக்கம் நகர, நானும் வலப்பக்கம் நகர,
தோளில் இடித்து, ஜாம் சட்டையில் கொட்டி,
நிமிர்ந்தபோது சுவர் பழையபடி சாம்பல்.

சட்டையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்தேன்.
படிக்கட்டுக்கு அடியில்
ஸ்க்ரூடிரைவரால் மூடி நெம்பும் சத்தம்,
ஒன்று,
இன்னொன்று.
இரண்டிலும் ஆடை கட்டியிருக்கு என்றான் அங்கிருந்தே.
அப்புறம், கொஞ்சம் பொறுத்து:
"லினனுக்குக் கஞ்சி போட்டுடலாமா?"