ஆயிரத்தில் பதினொரு பங்கு

இரவெல்லாம் அடுத்தவர் காய்ச்சலை அளந்துவிட்டு
காலை எட்டரைக்கு வீடு வருகிறேன்.
லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும்.
ஆறாம் மாடி, அந்தக் காலத்தில்,
வேலைக்காரிகள் படுப்பதற்கென்று கட்டியது;
அவர்களுக்கு லிஃப்ட் எதற்கு, காற்று எதற்கு.

படுத்தபடி கை நீட்டினால் கூரை.
கூரைக்கும் எனக்கும் நடுவில்
விரற்கடைப் பலகை, கொஞ்சம் சுண்ணாம்பு,
அதன்மேல் துத்தநாகத் தகடு.
பாரிஸை உயரத்திலிருந்து படமெடுப்பவர்கள்
புறாக் கழுத்தின் சாம்பல் என்று கொஞ்சும் நிறம்.
வாணலிக்குள் கிடக்கும் கடுகிடம் போய்
வாணலியின் அழகைக் கேட்பதுண்டா?

பத்து மணிக்குத் தகடு பேசத் தொடங்கும்.
டிக். டிக். விரிகிறது.
பதினொன்றுக்கு ஈரத் துவாயைப் போர்த்துக்கொள்வேன்.
இரண்டு மணிக்குத் துவாய் காய்ந்திருக்கும்,
நான் தூங்கியிருக்க மாட்டேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
ஒரு நோயாளிக்கு இந்த எண் வந்தால்
டொக்டரை எழுப்புவேன்.
அறைக்கு வந்தால் யாரை எழுப்புவது?

வெளிச்சுவரில் ஏ.சி. பெட்டி மாட்டக் கூடாது,
முகப்பின் அழகு கெடுமாம்.
சக்கரம் வைத்த ஒன்றை வாங்கினேன்,
நானூற்று இருபது யூரோ, மூன்று தவணை.
அதன் துதிக்கையைச் சன்னலுக்கு வெளியே விட்டு
நான்கு நாள் செத்தவள்போல் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் செய்தூ வந்து கதவைத் தட்டினான்.
முற்றத்துக்கு அந்தப் பக்கம், அதே ஆறாம் மாடி.
சத்தம் போடவில்லை.
"மதாம், உங்கள் குழாய்
என் தலையணையைப் பார்த்து மூச்சு விடுகிறது."
போய் நின்று பார்த்தேன். உண்மை.
நான் துரத்திய வெக்கை ஊரை விட்டு ஓடவில்லை,
நாலு மீட்டர் தாண்டி
அவன் பரீட்சைக் கொப்பிகளின்மேல் உட்கார்ந்திருந்தது.
குழாயைச் சுருட்டி வைத்தேன்.
நல்லவள் என்பதால் அல்ல.
அவன் வந்து சொல்லிவிட்டான் என்பதால்.

ஜூன் கடைசியில் கட்டடக் கூட்டம். ஏழாவது பொருள்:
தகட்டைக் கழற்றி, அடியில்
ஒரு சாண் தடிப்புக்கு மரநார்ப் பலகை அடுக்கி
மறுபடி மூடுவது.
மரநார் வெயிலை மெல்ல மெல்ல மென்று
இரவில்தான் துப்புமாம்.
பொறியாளர் ஒரு துண்டைச் சுற்றுக்கு விட்டார்.
ரஸ்க் போல இருந்தது.

இங்கே தலைகளை எண்ணுவதில்லை, பங்குகளை எண்ணுகிறார்கள்.
முதல் மாடிக்கு ஆயிரத்தில் நூற்றெழுபது.
எனக்குப் பதினொன்று.
வெயிலும் இப்படிப் பங்கு போட்டு விழுந்தால்
எனக்கென்ன குறை.

முதல் மாடி மதாம் லக்ருவா, நோட்டரி, எழுந்தார்.
"எங்கள் சுவர் அரை மீட்டர் கல்.
எங்களுக்கு வெக்கையே தெரிவதில்லை."
பொய் இல்லை. எதிர்த்துக் கை தூக்கினார்.
தோற்றோம்.

படியில் என்னை நிறுத்தி உள்ளங்கையில் எதையோ வைத்தார்.
"பகலில் நான் அலுவலகத்தில். பின்னறை காலி.
வந்து தூங்குங்கள்."
கோபப்படத்தான் நினைத்தேன்.
சாவி குளிர்ந்திருந்தது.

இப்போது பகல்களில்
என்னைத் தோற்கடித்த வீட்டில் உறங்குகிறேன்.
மரக்கதவுகள் வெளியே சாத்தியிருக்கும்,
சட்டங்களின் இடுக்கில் வெயில்
நூல் நூலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
கன்னத்தைக் கல்லில் வைக்கிறேன்.
நேற்றைய இரவு இன்னும் அதற்குள் இருக்கிறது.
நன்றியும் ஆத்திரமும் ஒரே கட்டிலில் படுத்தால்
எது முதலில் குறட்டை விடும்?
நான்தான்.

நேற்று விழித்தபோது மேசையில் ஒரு சீட்டு:
குளிர்பெட்டியில் முலாம்பழம் இருக்கிறது.
பாதியைத் தின்றேன்.
பாதியைச் செய்தூவுக்கு எடுத்து வைத்தேன்.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
பழம் இனிப்பு. நன்றி.
அடுத்த ஜூனிலும் ஏழாவது பொருள் வரும்.

சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்.
பையில் போட்டுக்கொண்டேன்.
நாளைக்கும் நாற்பது என்கிறார்கள்.