பன்னிரண்டு நிமிட மின்தடை

பண்ணைக்காடு பிரிவில், பெட்ரோல் பங்கின்
இரண்டாம் எண் டீசல் குழாய்மேல்
ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது.
முறம் அளவு என்றால் நம்பமாட்டார்கள்.
என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துவைத்த அளவு.
லிட்டரும் ரூபாயும் ஓடுகிற கண்ணாடி
அதன் சிறகுக்குப் பின்னால் போயிற்று.

கேரட் லாரிக்காரன் ஆரன் அடித்தான்.
"தட்டி விடுக்கா, கணக்குத் தெரியணும்ல."
ஐம்பது லிட்டர் வைத்திருக்கிறேன், தானே நிற்கும் என்றேன்.

அதற்கு வாய் கிடையாது.
வாட்சர் வேலப்பன் சொன்னது.
புழுவாக இருந்தபோது
சோலையில் இலை இலையாகத் தின்றதுதான்.
இனி அந்தக் கொழுப்பு தீரும்வரை
ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.
டேங்க் நிரப்பி விட்ட வண்டி,
வழியில் எங்கும் பங்க் இல்லை.

காற்றடிக்கும் மிஷினுக்கு அந்தப் பக்கம்
சாயங்காலம் காட்டுமாடு போட்டுப்போன சாணம்.
அதிலிருந்து ஒரு வண்டு,
என் கட்டைவிரல் நகம் பெரிது,
தலைகீழாக நின்று பின்னங்காலால்
ஓர் உருண்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது.
தீனியும் அதுதான், பிள்ளைக்குத் தொட்டிலும் அதுதான்.
ஒன்றுக்கு வாயே இல்லை,
மற்றது சோற்றுக்குள்ளேயே பிறக்கிறது.

வண்டு ஆயில் டப்பா அடுக்குவரை போய்
வளைந்து
திரும்பச் சாணத்துக்கே வந்தது.
மறுபடி போனது. மறுபடி வந்தது.
நட்சத்திரம் பார்த்து வழி பிடிக்கிற சாதியாம்,
அதுவும் வேலப்பன் சொன்னதுதான்.
அண்ணாந்து பார்த்தேன்.
தகரக் கூரை. பதினாறு எல்.இ.டி.
பூச்சி அதை நிலா என்று வந்திருக்கும்.
வண்டுக்கு அங்கே வானமே இல்லை.

லாரி வளைவு திரும்பியதும்
மெயினை இறக்கினேன்.

குளிர் சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது.
வத்தலக்குண்டு வெளிச்சம்
கீழே, அணையாத கங்குபோல.
மேலே இத்தனை இருந்தது
மூன்று வருட நைட் ஷிஃப்டில் எனக்குத் தெரியாது.
செல்போனை எடுக்கவில்லை.
குடையை விரித்து மடக்குகிற மாதிரி
ஒரே ஒரு சத்தம் கேட்டது.

மெயினை ஏற்றியபோது வண்டு இல்லை.
ஈர மண்ணில் ஒரு கோடு
ஸ்கேல் வைத்ததுபோல் வேலிக்கடியில் போயிருந்தது.
பூச்சி போகவில்லை.
குழாயின் கழுத்துக்கு நகர்ந்து
செங்கல் நிறத்தில் ஏழு முட்டை வைத்திருந்தது.

ஏட்டில் எழுதினேன்:
2.40 முதல் 2.52 வரை மின்தடை.
காரணம்: காற்று.
இரண்டாம் எண் குழாய்க்கு
'பழுது' அட்டையை மாட்டினேன்.
எத்தனை நாளைக்கு என்று
முதலாளி கேட்பதற்குள்
வேலப்பனைக் கேட்கவேண்டும்.