இரண்டடிச் சுவர்

லாங் பஜார் விதைக்கடைக்காரர்
ஆளுயரம் ஏறும் ரகத்தைத்தான் முதலில் நீட்டினார்.
மாடிக் கைப்பிடிச் சுவர் இரண்டடி என்றேன்.
அதற்கு மேல் எது தலைகாட்டினாலும்
ஹவுஸ் ஓனர் கிருபாவதி தெருவிலிருந்தே பார்த்துவிடுவார்;
தொட்டித் தண்ணீர் யார் கணக்கில் என்பார்.

குட்டை ரகமே கொடுங்கள்.
"மொத்தமாய்க் காய்க்கும், சீக்கிரம் ஓய்ந்துவிடும்."
இருக்கட்டும்,
என் வாடகை ஒப்பந்தமே பதினொரு மாதம்.

சத்துவாச்சாரி வெயிலில்
பெயின்ட் வாளிக்குள் முழங்காலளவு நிற்கிறது.
குச்சி கேட்கவில்லை.
அரிசி கழுவிய தண்ணீர் போதும் என்கிறது,
மே மாதத்தில் பொய் சொல்கிறது.

நேற்று கிருபாவதி மாடிக்கே வந்தார்.
கொடியில் அவர் துணி ஒன்றுமில்லை.
குனிந்து நின்றார், வெகுநேரம்.

நான்கு பழுத்திருந்தன.
காலையில் எண்ணினால் மூன்று.

வாளி மண் ஈரமாய் இருந்தது.
நான் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.