பதினெட்டாவது கேள்வி

பதினெட்டாவது கேள்வி. இரண்டு மதிப்பெண்.
வஞ்சப் புகழ்ச்சி அணியைச் சான்றுடன் விளக்குக.

புத்தகத்துச் சான்றை மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன்.
பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரை
பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று வந்ததில்
ஏதோ ஒரு வளைவில் நழுவிவிட்டது.
அதனால் சொந்தமாக எழுதினேன்:

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியே, நீ வாழ்க.
உன் போர்த் தண்ணீர் குடித்தல்லவா
எங்கள் பற்கள் பொன்னிறம் பெற்றன.
நகைக்கடை வாசல் மிதிக்காத ஊருக்கு
வீட்டுக்கு வீடு தங்கப்பல் கட்டிய வள்ளலே,
செய்கூலி நீ கேட்டதில்லை.
சேதாரம் எலும்பில் மட்டும்.

கடைசி வரியில் பேனா நின்றது.
கக்கூஸில் உட்கார்ந்தால் எழமுடியாமல்
சுவரைப் பிடிக்கும் அப்பாவின் கை.
அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.
மணி அடித்துவிட்டது.

அதற்கு முந்தின வாரம்
"அங்கதம்னா கடிக்கணும்" என்றார் செங்கமலம் டீச்சர்.
கடைசி பெஞ்ச் மாதேஷ் எழுந்தான்:
"எங்க பல்லு கடிக்காது டீச்சர், பொடிஞ்சிரும்."
வகுப்பே சிரித்தது.
நாற்பத்திரண்டு வாய்க்கும் நாற்பத்திரண்டு கை.
எங்கள் பக்கம் சிரிப்பென்றால்
பாதி வேலை கைக்குத்தான்.

நாற்பத்திரண்டு என்றா சொன்னேன்?
நாற்பத்தொன்று.
முனிலட்சுமி வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.
"பெண் கல்வியே நாட்டின் கண்" கட்டுரையில்
பத்துக்குப் பத்து வாங்கியவள்.
அவள் கட்டுரை தகவல் பலகையில் இருந்தது,
அவள் ஓசூருக்குப் போகிற வழியில்
யார் வீட்டிலோ மருமகளாக இருந்தாள்.
"இது என்ன அணி டீச்சர்?" என்று நாகவேணி கேட்டாள்.
கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.
டீச்சர் சாக்பீஸைப் பெட்டியில் போட்டார்,
போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார்.
திரும்பி வந்தபோது
பாடத்தை விட்ட இடம் மறந்திருந்தார்.

என் விடைத்தாளுக்கு வருகிறேன்.
கட்டைப் புரட்டிய தலைமையாசிரியர் கண்ணில்
"வாழ்க" பட்டது, "வள்ளலே" பட்டது.
பள்ளிக்குச் சுத்திகரிப்பு மெஷின் திறக்கும் விழாவில்
வாசிக்கச் சொல்லிவிட்டார்.

வாசித்தேன்.
"பொன்னிறம்" என்றதும் ஒன்றியக் கவுன்சிலர் கைதட்டினார்.
"தங்கப்பல்" என்றதும் பக்கத்தில் இருந்தவரையும்
முழங்கையால் இடித்துத் தட்டவைத்தார்.
"சேதாரம்" என்ற இடத்தில் மைக் கிறீச்சிட்டது,
அதற்கும் தட்டினார்கள்.
எதிரே தரையில்
வரிசை வரிசையாக வாயில் கை.

எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு.
மூடியில் கவுன்சிலர் பெயர், நட்சத்திரம் போட்டு.
அது இன்றுவரை நன்றாக இருக்கிறது.
மெஷின் இருபத்தாறு நாள் ஓடியது.
ஃபில்டர் மாற்ற வேண்டுமே என்று அலுவலகத்தில் கேட்டதற்கு
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றார்கள்.
மாட்டைப் பார்க்கவில்லை சார்,
எங்கள் பல்லை நீங்கள் பாருங்கள் என்று
சொல்ல நினைத்தேன். சைக்கிள் ஸ்டாண்டு வந்தபிறகு
சொல்லிக்கொண்டேன்.

மார்க் இரண்டுக்கு ஒன்றரை.
ஓரத்தில் சிவப்பு மையில்:
*புகழ்வதுபோல் இருக்க வேண்டும்.
பழிப்பது வெளிப்படையாகத் தெரிகிறது.*

தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.
"ஹெச்செம்முக்குத் தெரியல டீச்சர்.
கவுன்சிலருக்கும் தெரியல.
என் அரை மார்க்கைக் குடுங்க."

செங்கமலம் டீச்சர் சிரித்தார்.
சிரிப்பு வருவதற்கு முன்னால்
அவர் கை வாய்க்குப் போயிருந்தது.

ஒன்றரை வருடம் அவரிடம் படித்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது:
"டீச்சர், உங்களுக்கு எந்த ஊர்?"